தீவகத்தில் மறைப்பணி: தொகையா? தொண்டா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளை நம்மவர் நினைவுகூரும் வேளைகள் மூன்று. நயினை நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறும்போது ஒரு முறை. தவக்காலத்திற் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும்போது ஒரு முறை. தேர்தல் வரும்போது இன்னொரு முறை. எஞ்சிய நாள்களில் ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் அனலையும் எழுவையும் தம்பாட்டிற் கிடக்கும். அங்குள்ளார் பாடு அவரவர் பாடு.

இப்பொழுது நாலாவது வேளையொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. மதமாற்றம் என்ற பூசல் எழும்போதெல்லாம் தீவகம் நம் நாவில் வருகிறது. போரில் நலிந்த எளியோரை ஆசை காட்டி மதம் மாற்றுகின்றனர் என்று ஒரு சாரார் கொதிக்கின்றனர். எம் நம்பிக்கையை எடுத்துரைக்க எமக்கு உரிமை இல்லையா என்று மறு சாரார் வினவுகின்றனர். இரு சாராரும் தமிழர். இரு சாராரும் எண்ணுவது தலைகளை. எத்தனை பேர் போயினர், எத்தனை பேர் வந்தனர் என்பதே கணக்கு. அந்தத் தலைகளுக்குரிய மனிதர் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதைக் கணக்கிடுவார் அரியர்.

தீவகத்திற் கிறிஸ்தவ மறைப்பணிக்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அதனை நிதானமாகப் பயில்வோர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். அதிகாரத்தின் துணையோடு வந்த மதம் ஏட்டில் நின்றது. மக்களோடு தங்கிய மதம் வீட்டில் நின்றது. சைவரும் கிறிஸ்தவரும் இன்று மனத்திற் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

வாளோடு வந்தவர்

பறங்கியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிபட்டது. தமிழ் மன்னன் கோவைக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொலையுண்டான். பிரான்சிஸ்கன் சபைக் குருமாரும், அவர்க்குப் பின் வந்த இயேசு சபையாரும் ஊர்தோறும் தேவாலயம் எழுப்பினர். தீவுகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஊர்காவற்றுறை யானை ஏற்றும் துறையாக விளங்கியமையின், இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே அவ்வூருக்குப் பெயராயிற்று. கயிட்ஸ் என்று ஆங்கிலத்தில் இன்றும் எழுதுகிறோமே, அதுவே அச்சொல்லின் எச்சம். நயினாதீவில் அம்மன் கோவில் பறங்கியராற் சிதைக்கப்பட்டதென்பது அவ்வூர் மரபு. இன்று நாம் காணும் கோவில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் எழுந்தது.

இவற்றையெல்லாம் மறைத்து வரலாறு எழுதுதல் நேர்மையன்று. கோவிலை இடித்த கையும் சிலுவையை நாட்டிய கையும் ஒரே அரசின் கைகள். அந்தக் காயம் சைவ மக்களின் நெஞ்சில் ஆறாதிருப்பது வியப்பன்று. ஆயினும் வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. பறங்கியர் ஆட்சி நாற்பது ஆண்டு நிரம்புமுன் வீழ்ந்தது. அவர் கொணர்ந்த சமயமோ கடற்கரையூர்களில் வீழவில்லை. வாளினால் நட்டது வாள் போனபின்பு எவ்வாறு நின்றது? அதற்கு விடை காணுமுன் ஒல்லாந்தர் கதையைப் பார்த்தல் வேண்டும்.

ஏட்டில் நின்ற மதம்

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று கட்டளை பிறப்பித்தமை. இன்னொன்று, நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டியமை. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் உள்ள தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். பாக்கு நீரிணையில் ஒரு குட்டி ஒல்லாந்து தேசத்தையே வரைபடத்தில் அமைத்துவிட்டனர்.

பெயரைப் போலவே மதத்தையும் சூட்டினர். பல்தேயுஸ் என்னும் ஒல்லாந்தப் போதகர் 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் பெருநூலிற் குடாநாட்டையும் தீவுகளையும் விரித்து எழுதினார். அக்காலத்து ஏற்பாடு இதுதான்: ஊருக்கொரு பள்ளி, பள்ளிக்கொரு தோம்பு. ஞானஸ்நானம் பெற்றோர் பெயர் தோம்பில் ஏறும். தோம்பில் ஏறினாற்றான் மணம் செல்லும், முதுசம் செல்லும், உத்தியோகம் கிடைக்கும். முதலியாராகவும் உடையாராகவும் விரும்பினோர் தலை நனைக்கத் தயங்கவில்லை. பகலிற் போதகர் முன் விசுவாசப் பிரமாணம் ஒப்புவித்தோர் இரவில் வீட்டுக்குள் விபூதி அணிந்தனர். கணக்குப் புத்தகத்திற் கிறிஸ்தவர் பல்லாயிரவர் என்று காட்டி மேலிடத்தாரை மகிழ்விக்க அதிகாரிகளால் இயன்றது. மக்கள் மனத்தை மாற்றத்தான் இயலவில்லை.

1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கிற்று. நூற்று முப்பத்தேழு ஆண்டு வளர்த்த கணக்கு சில ஆண்டுகளிற் கரைந்தது. தோம்பிற் கிறிஸ்தவராயிருந்தோர் கோவில் வாசலிற் சைவராய் நின்றனர். அவர் சூட்டிய தீவுப் பெயர்களுக்கும் இதுவே கதி. ஹார்லெம் என்றால் நயினாதீவார் திகைப்பர். றொட்டர்டாம் என்றால் அனலையார் நகைப்பர். டெல்வ்ற் என்ற ஒன்று மட்டும் ஆங்கிலக் கடுதாசிகளில் எஞ்சியது. தமிழ் வாயில் அதுவும் நெடுந்தீவுதான். அதிகாரத்தின் வலிமை எதுவரை செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிச்சைக்காரராய் வந்தவர்

அந்த ஒல்லாந்தர் காலத்திலேயே, அவர் ஆணையை மீறி, வேறொரு மறைப்பணியும் இந்நாட்டில் நடந்தது. 1687இல் கோவையிலிருந்து யோசேவ் வாஸ் என்னும் குரு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். படை இல்லை, பணம் இல்லை, அரசு இல்லை. கூலியாள் வேடத்திற் கப்பலேறி, நோயோடு கரைசேர்ந்து, கழுத்திற் செபமாலையோடு வீடுவீடாய்ப் பிச்சை எடுத்தார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்ந்ததோ அவரே மறைந்து வாழும் கத்தோலிக்கர் என்று அறிந்தார். சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு இரவிற் பூசை நிகழ்த்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திற் கத்தோலிக்கர் கூடிய இடங்களைச் சூழ்ந்து பலரைச் சிறைப்பிடித்துக் கொடுந்தண்டனை விதித்தனர். குருவைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர் தப்பியிருக்கலாம். காட்டிக்கொடுத்தார் இலர்.

வாஸ் அடிகளாரும், அவர் பின்வந்த பிலிப்பு நேரியார் சபைக் குருமாரும் ஐரோப்பியர் அல்லர். கொங்கணி பேசும் நம் அயலார். தமிழைக் கற்றனர், தமிழிலே செபம் சொல்லிக் கொடுத்தனர். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவரது வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் வடபுலத்துப் பங்குகளிற் பல தலைமுறை கண்டது. குரு ஆண்டுக்கு ஒருமுறையும் வர இயலாத ஊர்களில் மூப்பர் ஒருவரையும் அண்ணாவி ஒருவரையும் நியமித்தனர். மூப்பர் கோவிலைக் காத்தார். அண்ணாவி பிள்ளைகளுக்கு மந்திரமும் ஞானபாடமும் ஓதினார். சாவு வீட்டிற் செபம் நடத்தினார். திருச்சபையைத் தாங்கிநின்றோர் வலைபிடித்த கையும் ஏர்பிடித்த கையும் உடைய நம்மவரே.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. பறங்கியர் நட்ட மரம் பறங்கியர் போனபின்பும் நின்றதற்குக் காரணம், அதற்கு நீர் வார்த்தோர் அம்மரத்தடியிலே குடியிருந்தமை. வாஸ் அடிகளாரை 2015 சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிற் புனிதராக உயர்த்தினார். அப்பெருமையின் ஒரு பங்கு, நத்தார் இரவிற் குருவைக் காட்டிக்கொடாத யாழ்ப்பாணத்து ஏழைகளுக்கும் உரியது.

பள்ளிகளின் போட்டி

ஆங்கிலேயர் ஆட்சியில் மறைப்பணி பள்ளிக்கூட வடிவெடுத்தது. 1816இல் அமெரிக்க மிஷனார் தெல்லிப்பழையில் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பள்ளியும் எழுந்தன. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் கத்தோலிக்கக் குருமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். இரு திறத்தாரும் தீவுகளுக்குப் பள்ளியைக் கொண்டுசென்றனர். தீவுப் பணியில் வெள்ளைக்காரப் பாதிரிமார் பெயர்களே அறிக்கைகளில் மின்னினும், உண்மையில் அதைச் சுமந்தோர் தமிழ் உபதேசிமாரும் ஆசிரியருமே. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தம் காசைத் திரட்டி நடத்திய சுதேச சுவிசேஷ சங்கம் தீவுகளைத் தன் களமாகக் கொண்டது. 1900இல் மாணவர் சங்கமொன்று கடல்கடந்து தொண்டிக்கே பணியாளரை அனுப்பிற்று. பெற்றுக்கொண்ட திருச்சபை கொடுக்குந் திருச்சபையாயிற்று.

குறைகளும் உண்டு, அவற்றை மூடிமறைக்க வேண்டா. கல்வியைத் தூண்டிலாக்கினர் என்ற பழி முற்றிலும் பொய்யன்று. ஆங்கிலமும் உத்தியோகமும் வேண்டி ஞானஸ்நானம் பெற்று, அவை கைவந்தபின் திருநீற்றுக்குத் திரும்பியோரை ஆறுமுக நாவலர் எள்ளி நகையாடியது காரணமின்றி அன்று. சாதி என்னும் நோயோ திருச்சபை வாசலில் நின்றுவிடவில்லை. உள்ளேயும் புகுந்து வாங்கிலில் அமர்ந்துகொண்டது. ஒரே நற்கருணை உண்போர் வேறுவேறு கோவில் கட்டிக்கொண்டதை நாம் அறிவோம். சமத்துவம் பேசிய மதம் யாழ்ப்பாணத்துச் சாதியிடம் பல இடங்களிற் சரணடைந்தது என்பதைக் கிறிஸ்தவப் பெருமக்களே முதலில் ஒப்புக்கொள்ளுதல் நலம்.

ஆயினும் அந்தப் போட்டியால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளி தொடங்கினார். 1923இல் இந்துபோர்ட் இராசரத்தினம் அவர்கள் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் பட்டிதொட்டியெங்கும் பள்ளி நிறுவிற்று. மிஷன் பள்ளி இருந்த ஊரிற் சைவப் பள்ளியும் எழுந்தது. பாதிரியாரும் சைவப் பெரியாரும் ஒருவரையொருவர் வெல்ல முயன்றனர்; வென்றோர் இருவரும் அல்லர், ஏட்டைக் கையிற் பிடித்த பிள்ளைகளே வென்றனர். தீவுகளிற் பிறந்து ஆசிரியராய், வைத்தியராய், கணக்கராய், கொழும்பு வணிகராய்த் தலைநிமிர்ந்த தலைமுறை அப்போட்டியின் பயன். 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் இரு சமயத்தார் பள்ளிகளும் பெரும்பாலும் அரசுடைமையாயின. அதன்பின் கல்வியிற் போட்டியிடச் சமயங்களுக்கு இடமில்லை. கல்வியைவிட உயர்ந்த போட்டிக்களம் ஒன்றைக் கண்டோமா? இல்லை, தலைகளை எண்ணும் களத்திற்கு இறங்கிவிட்டோம்.

கரம்பன் ஈன்ற தமிழ்

கிறிஸ்தவனானால் தமிழனின் வேர் அறுந்துவிடும் என்று கூறுவார் இன்றும் உளர். அவர்க்கு நாம் நீண்ட விடை கூறவேண்டியதில்லை. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனுக்கு வழிகாட்டினாற் போதும். அங்கேதான் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் தனிநாயகம் அடிகள் பிறந்தார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்று, உரோமாபுரியிற் குருவானார்.

அந்தத் தீவகக் குரு செய்தவை யாவை? தமிழ்ப் பண்பாட்டை உலக அறிஞர்க்கு உணர்த்தத் தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில ஏட்டை 1952இல் தொடங்கினார். 1554இல் இலிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலையும், 1679இல் அச்சான புரோவென்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் ஐரோப்பிய நூலகங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணரானார். 1966இற் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்திக் காட்டினார். சங்கத் தமிழின் பெருமையைச் சைவனும் வைணவனும் சமணனும் பௌத்தனும் சேர்ந்து படைத்த பொதுச்செல்வமாக அவர் உலகின்முன் வைத்தார். மானிப்பாயிற் பிறந்து சொற்பிறப்பு ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட ஞானப்பிரகாச சுவாமிகளும் மறைபரப்பும் குருவே. மறைப்பணி தமிழைத் தின்றது என்பார் இவ்விருவர் பெயரையும் கேட்டபின் வாய்மூடுதல் நன்று.

மறுபுறமும் பார்க்கவேண்டும். பெரும்பான்மை சைவராகிய ஈழத்தமிழர், கிறிஸ்தவராகிய செல்வநாயகத்தைத் தந்தை என்று அழைத்தனர். அவர் கும்பிடும் கோவில் எது என்று வாக்களிக்கும்போது எவரும் கேட்கவில்லை. இத்தகைய ஒற்றுமையைப் பல தேசங்கள் கனவிலும் கண்டதில்லை. நமக்கு அது கைவந்த செல்வம். அச்செல்வத்தையே இன்று சில்லறைக்கு மாற்ற முயல்கின்றோம்.

ஓடாத மேய்ப்பர்

போர்க்காலம் தீவகத்தைச் சல்லடையாக்கிற்று. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணஞ்செய்த அப்பாவிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர் சைவரா கிறிஸ்தவரா என்று பார்த்து வெட்டவில்லை. தமிழர் என்பதே போதுமானதாயிருந்தது. 1990இல் இராணுவம் தீவுகளுள் நுழைந்தபின் ஊர் ஊராக மக்கள் வெளியேறினர். கோவிலும் தேவாலயமும் பூட்டிய கதவோடு நின்றன. வீட்டு முற்றத்தில் எருக்கலை முளைத்தது. வெளியேறியோர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும், பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். பலர் திரும்பவில்லை.

அந்த நாள்களில் மறைப்பணி என்பதற்கு என்ன பொருள்? அல்லைப்பிட்டி விடை கூறும். அங்குள்ள தேவாலயம் பிலிப்பு நேரியார் பெயரால் அமைந்தது. வாஸ் அடிகளாரின் சபைக்குப் பெயர்தந்த அதே புனிதர். 2006 ஓகஸ்டில் மீண்டும் போர் மூண்டபோது ஊர் மக்கள் அத்தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். 13ஆம் நாள் அதன்மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர், பலர் படுகாயமுற்றனர். பங்குக்குரு திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுன் அடிகள் எஞ்சிய மக்களை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்று காத்தார். ஓகஸ்ட் 20ஆம் நாள், அல்லைப்பிட்டிப் பக்கம் சென்ற அவரும் அவருடன் சென்ற உதவியாளரும் காணாமற் போயினர். கடற்படையின் சோதனைச் சாவடியருகே அவர் காணப்பட்டதே கடைசிச் செய்தி. ஆண்டுகள் பல கழிந்தும், அவர் கதி யாதாயிற்று என்பதற்கு அரசு உறுதியான விடை தரவில்லை. எவரும் நீதிமன்றிற் பொறுப்புக் கூறவில்லை.

பிச்சைக்காரராய் வந்த வாஸ் அடிகளையும் அல்லைப்பிட்டி அடிகளையும் இணைப்பது முந்நூறு ஆண்டுச் சங்கிலி. இருவரும் மக்கள் நடுவே தங்கினர். தங்கியதற்கு விலையும் கொடுக்கச் சித்தமாயிருந்தனர். எத்தனை பேரைச் சேர்த்தீர் என்று இத்தகையோரிடம் எவர் கேட்பர்? எத்தனை பேரை விட்டு ஓடினீர் என்று கேட்பதே மேய்ப்பருக்குரிய சோதனை. 'ஒருவரையும் இல்லை' என்று விடையிறுக்கும் தகுதி அவர்க்கு உண்டு.

கோடரி யார் கையில்?

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். போர் முடிந்தபின் புதிய புதிய சபைகள் வந்தன. அவருள் உண்மைத் தொண்டரும் உளர். அரிசி மூட்டையோடு வந்து தொகை எழுதிக்கொண்டு போவாரும் உளர். மறுபுறத்திற் சைவத்தைக் காக்கப் புறப்பட்டோம் என்று 2016 முதற் சிவசேனை என்ற பெயரும் கேட்கின்றது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முன்னாள், திருக்கேதீச்சர வளைவு தொடர்பாக மன்னாரிற் சைவரும் கத்தோலிக்கரும் மோதியதைக் கண்டோம். நந்திக்கொடி மிதிபட்ட காட்சி எந்தத் தமிழனையும் தலைகுனியச் செய்வது. அதைத் தென்னிலங்கையார் எத்துணை உவகையோடு பார்த்தனர் என்பதையும் கண்டோம்.

புதிய சபைகளின் ஊழியர்க்கு நாம் கூறுவது சுருக்கம். ஒருவர் தம் மனச்சாட்சிப்படி சமயம் மாறுவது அவர் உரிமை. அதில் ஊரார்க்கு வேலையில்லை. ஆனால் பசித்தவன் முன் சோற்றையும் சத்தியப் பத்திரத்தையும் சேர்த்து நீட்டுவது மறைப்பணி அன்று, வாணிகம். அவ்வாணிகத்தை ஒல்லாந்தர் உங்களைவிடத் திறமையாக நடத்தினர். அவர் கணக்கு என்னாயிற்று என்பதை மேலே கண்டோம். நெடுந்தீவுக்கு வருவீர், வாருங்கள். கடைசிப் படகில் திரும்பாது தங்குவீரா? கொந்தளிக்கும் மாரிக் கடலிலும் தங்குவீரா? தங்குவீராயின் உங்களைப் பழிப்பார் இல்லை.

சைவப் பெருமக்களுக்கும் ஒரு சொல். அயல்வீட்டு விதவையின் அடுப்பு எரியவில்லை என்பது, வேறொருவர் அரிசி கொண்டுவந்தபின்னரே நமக்குத் தெரியவருகிறதெனின், குற்றம் அரிசி கொண்டுவந்தவன்மேல் மட்டுமா? நாவலர் பழித்ததோடு நிற்கவில்லை, பள்ளி கட்டினார். 1876, 77ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி வைத்தார். அந்த வழியில் நடப்போரே அவர் பெயரைச் சொல்லும் உரிமை உடையார்.

மதமாற்றத்தைச் சட்டத்தாற் தடுக்கவேண்டும் என்று கூறும் தமிழர்க்கு இன்னும் அழுத்தமாகக் கூறவேண்டியது ஒன்றுண்டு. எந்த அரசின் சட்டத்தால்? 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பௌத்தத்திற்கே முதன்மை இடம் தந்தன. 2003இல் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றின் முன் வந்தது. சமயத்தைக் கைக்கொள்ளவும் ஒழுகவும் உரிமையுண்டு, பரப்புதற்கு அரசியலமைப்பு உத்தரவாதம் இல்லை என்பதே தீர்ப்பு. பௌத்த சாசனத்தைப் பேணும் உறுப்புரை அங்கே துணைக்கு அழைக்கப்பட்டது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொணர்ந்தோர் ஜாதிக ஹெல உறுமய கட்சியினர்; அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் கூறிற்று. இச்சட்டங்கள் சைவத்தைக் காக்கப் பிறக்கவில்லை. இன்று பாதிரியாரை விலங்கிடும் சட்டம் நாளை சைவ ஆசிரியரை விடுமா? அதிகாரம் என்னும் கோடரியை எடுத்துக்கொடுத்துவிட்டு, அதற்குக் காம்பாகவும் நாமே அமைவது என்ன மதி?

செய்யத்தக்கவை

தீவகத்தைக் காப்பாற்ற வேண்டுமாயின் செய்யத்தக்கவை பல. நாலு மட்டும் கூறுவோம்.

முதலாவது, தங்கும் தொண்டு. காலைப் படகில் வந்து மாலைப் படகில் மீளும் உத்தியோகத்தராற் தீவு வாழாது. தீவிலே தங்கும் ஆசிரியர்க்கும் தாதியர்க்கும் வைத்தியர்க்கும் உறைவிடமும் ஊக்கமும் அளிக்கத் திருச்சபைகளும் தேவஸ்தானங்களும் கைகோக்கலாம். வைத்தியரும் பொறியியலாளரும் வழக்கறிஞருமாகிய நம் கற்றோர் மாதம் இரு நாள்களைத் தீவுகளுக்கென ஒதுக்கினாலே பெரும்பணி நடக்கும். நன்னீர் அருகிய நெடுந்தீவிலும் அனலைதீவிலும் தோட்டஞ்செய்யும் கமக்காரர்க்கும் கால்நடை வளர்ப்போர்க்கும் குடாநாட்டு விவசாயிகள் தம் அனுபவத்தையும் விதையையும் கொடுத்துதவலாம்.

இரண்டாவது, கோபுரப் பணம். வெளிநாட்டிலிருந்து வரும் காசு தேவாலய முகப்பாகவும் இராசகோபுரமாகவும் உயர்கிறது. கோபுரம் உயர உயரக் குடி குறைகிறது. விழாவுக்குக் கனடாவிலிருந்து வருவோர் படம்பிடித்துச் செல்ல அழகிய கட்டிடம் நிற்கும். மறுநாட் பூசைக்கு ஆள் இராது. கட்டிடத்துக்குத் தரும் பணத்திற் பத்திலொன்றையேனும் நோயாளரைக் கொண்டுசெல்லும் விரைவுப் படகுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்குவோம் என்று இரு சமயத்து ஊர்ச் சங்கங்களும் தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது, ஏடுகள். தீவகப் பங்குகளிலுள்ள ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளும், கூத்துக் கொப்பிகளும், பழம் பள்ளி இடாப்புகளும் சமய ஆவணம் மட்டும் அல்ல. தமிழர் வரலாற்று ஆவணம். போரில் அழிந்தவை போக எஞ்சியவற்றையேனும் படியெடுத்துக் காத்தல் வேண்டும். தீவில் யார் வாழ்ந்தார், எந்நிலம் யாருடையது என்ற வினா எழும் நாளில் அவ்வேடுகள் சாட்சி கூறும்.

நாலாவது, கடல். கச்சதீவு அந்தோனியார் கோவிலை இராமநாதபுரத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்னும் தமிழர் எழுப்பினார் என்பர். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் தீவு இலங்கையின் எல்லைக்குள் வந்தபோதும், இருகரைத் தமிழரும் அங்கே கூடும் வழக்கம் போரால் இடையிடையே தடைப்பட்டதன்றி ஒழியவில்லை. இன்று அவ்விருகரையும் இழுவைப் படகாற் பகைத்து நிற்கின்றன. நெடுந்தீவு மீனவனின் வலை அறுந்து, இராமேசுவரம் மீனவன் சிறையிருந்து, 2024இல் தமிழகத்து மீனவர் திருவிழாவையே புறக்கணிக்கும் நிலை வந்தது. இரு கரை மீனவரையும் ஒரே பந்தியில் அமர்த்தும் தகுதி இன்று எந்த அமைச்சருக்கும் இல்லை. அவர்களுக்குப் பூசை வைக்கும் குருமாருக்கு உண்டு. யாழ்ப்பாண மறைமாவட்டமும் சிவகங்கை மறைமாவட்டமும் திருவிழா ஏற்பாட்டோடு நில்லாமல், கடலடி வளத்தை வழித்தள்ளும் இழுவை முறையைக் கைவிடவைக்கும் சமரசப் பேச்சுக்கு முன்வரவேண்டும். அதுவும் மறைப்பணியே; இன்றைய தீவகத்தில் முதன்மையான மறைப்பணி.

தீவகத்திற் சைவர் எத்தனை, கிறிஸ்தவர் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு ஒரு நாள் வரக்கூடும். அன்று எண்ணுவதற்கு அங்கே தமிழரே இரார். வெறுந்தீவில் மணியடிக்கும் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் வேறுபாடு என்ன? அந்நாள் வாராது தடுக்கும் ஆற்றல் அரசிடம் இல்லை. அதற்கு அந்த விருப்பமும் இல்லை. நம்மிடம் உண்டு.

ஒல்லாந்தன் எழுதிய தோம்பு மக்கிற்று. அவன் சூட்டிய பெயர் மறைந்தது. மூப்பரும் அண்ணாவியும் காத்த விளக்கு இன்றும் எரிகிறது. அதைப்போலவே நயினை அம்மன் சந்நிதியில் எரியும் விளக்கும் தீவகத்தார் காத்த விளக்கே. தொகை எழுத வருவோர் வரட்டும், போகட்டும். தொண்டு செய்யத் தங்குவோரோடு தமிழினம் தங்கும்.